ஹெல்த்டெக் நிறுவனத்தில் மருத்துவருக்கு எந்த நாற்காலி?

பொறியாளர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனம் முதல் வருடத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: மருத்துவரை எந்த இடத்தில் வைப்பது? வழிகள் நான்கு. பங்கு கொடுத்து இணை நிறுவனராகச் சேர்க்கலாம். சம்பளம் கொடுத்து முழுநேரத் தலைமை மருத்துவ அதிகாரியாக, அதாவது சிஎம்ஓவாக, அமர்த்தலாம். மாதம் சில மணி நேரம் ஒதுக்கும் பகுதிநேர ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம். பெயர்பெற்ற நிபுணர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து ஆலோசனைக் குழு அமைக்கலாம்.

பலரும் நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செலவு குறைவு, இணையதளத்தில் எடுப்பாக இருக்கும், முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆனால் பெரும்பாலும் நான்கில் கடைசியாகச் செய்ய வேண்டியது அதுதான். இந்த இடங்களை ஒப்பிடும்போது பட்டங்களையும் பதவிகளையும் முதலில் எண்ண வேண்டாம். தயாரிப்பு வெளியே போகும் நாளன்று "இது நோயாளியிடம் போகக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர் சொன்னால் வேலை நிற்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து நான்கு வழிகளையும் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

பெரிய பெயர்கள் எதைத் தடுக்கவில்லை

அமெரிக்காவின் தெரனோஸ் நிறுவனத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் தொடங்கிய அந்த நிறுவனம், விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்து தருவதாகச் சொன்னது. அதன் இயக்குநர் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸிஞ்சர், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ராணுவத் தளபதியாக இருந்த ஜேம்ஸ் மாட்டிஸ் ஆகியோர் இருந்தார்கள். மருத்துவரே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதய மாற்று அறுவை சிகிச்சை நிபுணரான முன்னாள் செனட்டர் பில் ஃப்ரிஸ்ட், நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் முன்னாள் இயக்குநர் வில்லியம் ஃபோகி இருவரும் இருந்தார்கள். அவரவர் துறையில் அவர்கள் பெரியவர்கள். ஆனால் நிறுவனம் விற்றது ஆய்வகப் பரிசோதனையை. அதற்குத் தேவைப்பட்டது ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே எப்படித் தவறும் என்று தெரிந்த ஆய்வக மருத்துவர்.

ஆய்வக இயக்குநர் என்ற சட்டபூர்வமான பதவி உள்ளேயே இருந்தது. முடிவுகளின் துல்லியம் குறித்துக் கவலை தெரிவித்த இயக்குநர் 2014இல் விலகினார். பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஒரு தோல் மருத்துவர். அந்தப் பதவியில் மொத்தமே சில மணி நேரம்தான் வேலை செய்ததாக அவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். விதி கேட்ட கையெழுத்து கிடைத்தது. விதி எதிர்பார்த்த கண்காணிப்பு கிடைக்கவில்லை. ஆய்வக மருத்துவம் தெரிந்தவர்களைக் கொண்ட தனி ஆலோசனைக் குழுவை நிறுவனம் 2016 ஏப்ரலில் அறிவித்தது. அதற்குள் பத்திரிகைச் செய்திகளும் அரசு ஆய்வும் வந்துவிட்டன. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது, 2022இல் ஹோம்ஸுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே நடந்த தவறு இரண்டு வகை. ஒன்று, துறை பொருந்தாத பெயர்கள். மற்றது, துறை பொருந்திய இடத்தில் நேரம் ஒதுக்க முடியாத ஆள். சிறிய நிறுவனங்களிலும் இந்த இரண்டும் அப்படியே நடக்கின்றன; அளவுதான் வேறு.

இணை நிறுவனரா, முழுநேர அதிகாரியா

மும்பையில் 2016இல் தொடங்கப்பட்ட க்யூர்.ஏஐ, மார்பு எக்ஸ்ரேயையும் தலை சிடி ஸ்கேனையும் செயற்கை நுண்ணறிவால் படிக்கும் மென்பொருளைச் செய்கிறது. பிரசாந்த் வாரியருடன் சேர்ந்து அதைத் தொடங்கிய பூஜா ராவ் ஒரு மருத்துவர். அந்த நிறுவனம் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட தலை ஸ்கேன் ஆய்வில், மென்பொருளைச் சோதிக்க 491 ஸ்கேன்கள் கொண்ட ஒரு தனித் தொகுப்பு டெல்லியில் உள்ள கதிரியக்க மையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேனையும் மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியே பார்த்தார்கள். தொகுப்பையும் எவரும் இறக்கிப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். மருத்துவம் தெரிந்த ஒருவர் தொடக்கம் முதலே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் கிடைக்கும் பெரிய லாபம் இப்படிப்பட்ட வேலைதான்: நம் தயாரிப்பு சரியா என்பதை நம்மைச் சாராதவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற முடிவு முதலிலேயே எடுக்கப்படும்.

இணை நிறுவனராக மருத்துவர் இருப்பதன் பலம், அவர் 'கூடாது' என்றால் அதை யாரும் ஒதுக்கிவிட முடியாது என்பது. பங்குதாரர், இயக்குநர், கம்பெனி சட்டப்படி பொறுப்பு ஏற்பவர். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அவருடைய செல்வம் முழுவதும் அந்தத் தயாரிப்பில் கட்டுண்டு கிடக்கும். எனவே அவரே பரிசோதனை ஆய்வின் முதன்மை ஆய்வாளராக இருக்கக் கூடாது. எத்திக்ஸ் கமிட்டி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால், ஆய்வாளர் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும்.

இணை நிறுவனர் விஷயத்தில் அடிக்கடி முறிவது நேரம். காலை ஓபி, பிற்பகல் ஆபரேஷன் தியேட்டர், மாலை சொந்த கிளினிக் என்று இருப்பவர் "கொஞ்ச நாளில் முழுநேரமாக வந்துவிடுகிறேன்" என்று சொல்லி 20 சதவீதப் பங்கு வாங்கிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நாள் வராது. அதற்குத் தீர்வு மனவருத்தம் அல்ல, ஒப்பந்தம். நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு சிறிது சிறிதாகக் கைக்கு வரும் ஏற்பாடு), முதல் ஆண்டு முடியும்வரை ஒரு பங்கும் சேராது, வாரத்துக்கு இத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள் கிளினிக்கைக் குறைப்பார், குறைக்காவிட்டால் பங்கு எவ்வளவாகும் என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

முழுநேர சிஎம்ஓவுக்கு இந்தச் சிக்கல் இல்லை; சம்பளம்தான் சிக்கல். தனியார் மருத்துவமனையில் பத்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு சிறப்பு மருத்துவரின் வருமானம், தொடக்க நிலை நிறுவனத்தின் மொத்தச் சம்பளச் செலவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் பலர் எம்பிபிஎஸ் முடித்துச் சில ஆண்டு பணியாற்றிய இளம் மருத்துவரை இந்த இடத்துக்கு எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். புகாரைப் படித்து, பதில் எழுதி, மென்பொருளில் எங்கே தவறியது என்று பொறியாளருடன் உட்கார்ந்து தேட அவருக்கு நேரமும் பொறுமையும் இருக்கும். நுணுக்கமான துறைக் கேள்விக்கு வெளியே ஒரு நிபுணரிடம் போகலாம். ஆனால் பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும், அவர் தலைமைச் செயல் அதிகாரிக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். விற்பனைத் தலைவருக்குக் கீழே வைத்தால் அவர் டெமோ காட்டும் ஆளாகிவிடுவார்.

பகுதிநேர ஆலோசகரும் பதினைந்து நாள் விதியும்

மாதம் நான்கு முதல் எட்டு மணி நேரம் தரும் ஆலோசகரால் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. தயாரிப்பின் பயன்பாட்டு நோக்கத்தை எழுதித் தருவார். ஒரு பத்திதான், ஆனால் எல்லாம் அதன்மேல்தான் நிற்கும். 'விழித்திரைப் படத்தில் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்களைப் பிரித்துக் காட்டும்' என்பதும் 'சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும்' என்பதும் ஒன்றல்ல. வாக்கியம் மாறினால், ஆபத்தைப் பொறுத்து விதிகள் கருவிக்குத் தரும் வகுப்பு மாறலாம், காட்ட வேண்டிய ஆதாரமும் மாறும். அபாயப் பட்டியலையும் அவரே தயாரிக்கலாம்: இயல்பான படத்தை நோய் என்று சொன்னால் என்ன ஆகும், நோயை இயல்பு என்று சொன்னால் என்ன ஆகும், இரண்டில் எது மோசம். சோதனை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே, 'இந்த அளவுக்குக் கீழே போனால் வெளியிட மாட்டோம்' என்று ஓர் எல்லையையும் அவர் எழுதித் தரலாம். முடிவு வந்த பிறகு எழுதும் எல்லைக்கு மதிப்பில்லை.

அவரால் செய்ய முடியாதது அன்றாடக் கண்காணிப்பு. இந்தியாவின் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017இன்படி, உரிமம் பெற்ற நிறுவனம் சந்தேகத்துக்குரிய, எதிர்பாராத, கடுமையான பாதிப்பு எதையும் தன் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள் உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருளும் இந்த விதிகளின் கீழ் மருத்துவக் கருவிதான். மருத்துவமனையிலிருந்து ஒரு புகார் மின்னஞ்சல் வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு அது மென்பொருள் கோளாறாகத் தெரியும், மருத்துவருக்கு அது நோயாளிக்கு நேர்ந்த பாதிப்பு என்று புரியும். மாதம் ஒருமுறை வரும் ஆலோசகர் அதைப் பார்க்கும்போது பாதி நாட்கள் போயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் மேசைக்கு வருவதற்குள் கெடுவே முடிந்திருக்கும்.

ஆகவே பகுதிநேர ஆலோசகரை மட்டும் நம்பும் நிறுவனம் ஒரு கூடுதல் ஏற்பாடு செய்ய வேண்டும். வரும் புகார் ஒவ்வொன்றையும் இரண்டு வேலை நாளுக்குள் மருத்துவம் படித்த ஒருவர் பார்க்க வேண்டும், 'பாதிப்பு உண்டு, இல்லை, தெரியவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். 'தெரியவில்லை' என்று குறித்ததை அன்றே ஆலோசகருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு புகாருக்கு மேல் இப்படி வரத் தொடங்கினால், முழுநேர மருத்துவர் எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

ஆலோசனைக் குழு எப்போது உதவும்

ஒரே கேள்விக்கு வெவ்வேறு இடங்களிலிருந்து பதில் தேவைப்படும்போது குழு உதவும். உடலுக்குள் பொருத்தும் ஒரு கருவியை வெவ்வேறு மருத்துவமனைகளில் இருக்கும் மூன்று அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் கொடுத்தால், மூவரும் மூன்று விதமாகப் பிடிப்பார்கள். அந்த வேறுபாடு ஒருவரிடம் மட்டும் கேட்டால் தெரியாது.

ஆனால் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கூகுள் நிறுவனம் விழித்திரைப் படம் படிக்கும் செயற்கை நுண்ணறிவை உருவாக்கியபோது அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வுக்காக ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களை 54 கண் மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். மருத்துவ அறிவுக்குக் குறைவே இல்லை. அதே தொழில்நுட்பம் தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குப் போனபோது, 2020இல் வெளியான கள ஆய்வின்படி, செவிலியர்கள் எடுத்த 1,838 படங்களில் சுமார் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று மென்பொருள் ஏற்கவில்லை. பல இடங்களில் அறையை முழுதாக இருட்டாக்க வசதி இல்லை. ஏற்கப்படாத நோயாளி வேறொரு நாள் வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. இதை விழித்திரை நிபுணர் முன்கூட்டிச் சொல்வது கடினம். அந்த அறையில் தினமும் படம் எடுக்கும் செவிலியரால் முதல் நாளே சொல்லியிருக்க முடியும்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். அவர்கள் கையில் போகும் ஒரு செயலிக்கு ஆலோசனைக் குழு அமைத்தால், பேராசிரியர் ஒருவருக்கு இணையாக ஒரு கிராம சுகாதார செவிலியரும் இருக்க வேண்டும், அவருக்கும் மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். பேராசிரியருக்குத் தருவதில் பாதி என்றுகூட வைக்கக் கூடாது. அவர் சொல்லப்போவது அதைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பங்கு, பணம், பெயர்

இந்தியாவில் ஆலோசகருக்கு ஈஸாப், அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை, தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பவர்கள் பலர். கம்பெனிச் சட்டம், 2013இன் விதிகளில் ஈஸாப் என்பது ஊழியருக்கும் இயக்குநருக்கும் உரியது. நிறுவனத்தைச் சாராத சுயேச்சை இயக்குநருக்குக்கூடக் கிடையாது. வெளியிலிருந்து உதவும் ஆலோசகர் இதற்குள் வர மாட்டார். உழைப்புக்கு ஈடாகத் தரும் ஸ்வெட் ஈக்விட்டியும் ஊழியர், இயக்குநருக்குத்தான். ஆலோசகருக்குத் தனிப்பட்ட ஒதுக்கீட்டில் பங்கு விற்கலாம், பங்கு மதிப்பு உயர்வுக்கு ஈடாகப் பணம் தரும் ஒப்பந்தம் போடலாம், அல்லது கட்டணம் கொடுக்கலாம். கட்டணம் என்றால் டிடிஎஸ் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். வாயால் சொன்ன ஒரு சதவீதம், முதலீட்டாளரின் வழக்கறிஞர் கணக்குப் பார்க்கும் நேரத்தில் பூதமாகக் கிளம்பும். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் ஆலோசகர் பங்கை, நிறுவனத்தின் நிலையையும் உழைப்பையும் பொறுத்து, 0.15 முதல் 1 சதவீதம்வரை வைக்கிறது. அது இரண்டு ஆண்டில் சேரும். இந்தியாவிலும் பேச்சு பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது.

பெயரைப் பயன்படுத்துவதில் இதைவிடக் கவனம் தேவை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளில் 2009இல் சேர்த்த பகுதி, மருத்துவர் மருந்து, மருத்துவத் துறை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ பணியாற்றலாம் என்கிறது. ஆனால் அந்தத் தொடர்பு வெளிப்படையாக இருக்க வேண்டும், நோயாளியின் நலன் பாதிக்கக் கூடாது. அதே பகுதி, மருத்துவர் எந்தத் தயாரிப்பையும் பொதுவெளியில் பரிந்துரைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே 'எங்கள் மருத்துவ ஆலோசகர்' என்று பெயரும் பணியும் போடுவது ஒன்று. அவருடைய படத்துக்குக் கீழே 'நான் இதைப் பரிந்துரைக்கிறேன்' என்று போடுவது அவருடைய பதிவுக்கே ஆபத்து. அவர் அனுப்பும் நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கொடுப்பது கமிஷன். அதுவும் தடை செய்யப்பட்டது. அரசு மருத்துவர் என்றால் துறை அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே ஒப்பந்தம். மருத்துவக் கல்லூரியில் பணியாற்றுபவர் என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பணிக்காலத்தில் அவர் உருவாக்கும் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று அவருடைய நிறுவனத்தின் விதி சொல்கிறது? அதைக் கேட்காமல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் பின்னால் நீண்ட கடிதப் போக்குவரத்தில் சிக்கியிருக்கிறார்கள்.

மறந்துபோகும் இன்னொரு நாற்காலி

மருத்துவரைத் தேடும் ஓட்டத்தில் தரம், ஒழுங்குமுறை இரண்டையும் பார்க்கும் தலைவரை விட்டுவிடுகிறார்கள். கன்சல்டன்ட் ஒருவரை வைத்து, மருத்துவக் கருவிகளுக்கான தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485 ஆவணங்களை வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. ஆவணம் வரும். ஆனால் அந்தத் தரநிலை, நிர்வாகத்திலிருந்தே ஒருவர் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. இந்திய விதிகளும் உற்பத்தியை மேற்பார்வையிடத் தகுதியுள்ள தொழில்நுட்ப ஊழியர் வேண்டும் என்கின்றன: பட்டதாரி என்றால் மருத்துவக் கருவி உற்பத்தியிலோ சோதனையிலோ குறைந்தது 2 ஆண்டு அனுபவம், டிப்ளமோ என்றால் 4 ஆண்டு. ஆபத்து அதிகமான சி, டி வகுப்புக் கருவிக்கு உரிமம், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவிடமிருந்து வரும். ஆய்வுக்கு வருபவர்கள் கன்சல்டன்ட்டைத் தேட மாட்டார்கள், "இந்தக் கோப்பை எழுதியவர் யார்?" என்று கேட்பார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு முழுநேர மருத்துவர், முழுநேரத் தரத் தலைவர் இருவரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றால், வன்பொருள் செய்யும் நிறுவனத்துக்குத் தரத் தலைவரை எடுப்பதே சரி. நல்ல தரத் தலைவர் பகுதிநேர மருத்துவரின் சொல்லை வெளியீட்டுப் படிவத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்.

நிதி, சட்டம் இரண்டையும் முதல் இரண்டு ஆண்டு வெளியாட்களிடம் விடலாம். நோயாளி தரவு அப்படியல்ல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இல் பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகும். எனவே தொழில்நுட்பத் தலைவரின் பணி ஆணையிலேயே அந்தப் பொறுப்பு எழுதப்பட வேண்டும்.

எந்தத் தயாரிப்புக்கு எது

அப்பாயின்ட்மென்ட், பில்லிங் போன்ற மென்பொருள் என்றால் பகுதிநேர ஆலோசகர் ஒருவர் போதும். அவரைவிட வரவேற்பு மேசையில் உட்காருபவரிடம் அதிகம் கேட்க வேண்டும்.

தொலைமருத்துவம் என்றால் முதல் நோயாளிக்கு முன்பே முழுநேர மருத்துவர் வேண்டும், இதில் சமரசமே கூடாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, தளத்தில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவரும் முறையாகப் பதிவு பெற்றவர் என்று உறுதி செய்வது தளத்தின் கடமை. செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு நேரடியாக மருந்து எழுதித் தரக் கூடாது. தினமும் நூறு மருந்துச் சீட்டு போகும் இடத்தில் மாதாந்திர ஆலோசகர் எதைப் பார்ப்பார்?

நோயறியும் செயற்கை நுண்ணறிவு என்றால் மருத்துவ இணை நிறுவனர், அல்லது வாரம் இரண்டு நாளாவது தரும் துறை நிபுணர். கூடவே, நிறுவனத்தில் ஒரு பங்கும் இல்லாத வெளி நிபுணர்கள் இரண்டு மூன்று பேர் சோதனைத் தொகுப்பை மதிப்பிட வேண்டும். உடலுக்குள் போகும் கருவி என்றால் முழுநேரத் தரத் தலைவர் முதலில், வெவ்வேறு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நிபுணர் குழு அடுத்து, மனிதரிடம் சோதனை தொடங்கும் கட்டத்தில் சிஎம்ஓ.

கையெழுத்துக்கு முன் ஆறு வாரம்

எந்த இடத்துக்கு எடுத்தாலும், முதலில் ஆறு வார வேலை ஒன்றைக் கட்டணத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அடையாளம் நீக்கிய நாற்பது ஐம்பது நோயாளிப் பதிவுகளையும் மென்பொருள் சொன்ன முடிவுகளையும் கொடுங்கள். தவறு எங்கே, அதில் ஆபத்தானது எது என்று குறிக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே நான்கைந்து பிழையான முடிவுகளைக் கலந்து வையுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தால் அவர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் அந்த இடத்துக்கு ஏற்றவரல்ல. எரிச்சலோடு மூன்று பக்கம் எழுதி அனுப்புபவரை விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மணி நேரம், கட்டணம், அறிவுசார் சொத்து, ரகசியக் காப்பு, வேறு நிறுவனத் தொடர்புகள், பெயரும் படமும் எங்கே வரலாம் என்பவற்றோடு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: மருத்துவ ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியாகாது, தலைமைச் செயல் அதிகாரி அதை மீற விரும்பினால் இயக்குநர் குழுவின் எழுத்துபூர்வமான தீர்மானம் வேண்டும், அதில் மருத்துவரின் ஆட்சேபமும் அப்படியே பதிவாக வேண்டும். இந்தப் பத்தியை ஏற்க நிறுவனர் தயங்கினால், தேடப்படுவது ஆலோசகர் அல்ல, பெயர்ப்பலகை.

விலகும் விதத்தையும் அப்போதே எழுதிவிடுங்கள். விலகிய ஏழு நாளுக்குள் இணையதளத்திலிருந்தும் விற்பனைத் தாள்களிலிருந்தும் அவர் பெயர் நீங்க வேண்டும். நோயாளி தரவுக்கான அனுமதி அன்றே மூடப்பட வேண்டும். அவர் எழுப்பி இன்னும் தீராத ஆட்சேபங்களின் பட்டியல் அவர் கையெழுத்தோடு அடுத்து வருபவரிடம் சேர வேண்டும், அதன் நகல் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பிலும் இருக்க வேண்டும்.